சென்னைப் பயணம்: தட்சிணசித்ராவையும் கேளிக்கைப் பூங்காவையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா?

வெள்ளவத்தைவாசி:

வணக்கம். எதிர்வரும் ஆகஸ்ட் விடுமுறையில் குடும்பத்துடன் சென்னைக்குச் செல்ல உத்தேசித்துள்ளோம். மகன் பத்தாந் தரத்திலும் மகள் மூன்றாந் தரத்திலும் படிக்கிறார்கள். எனது தாயாரும் எங்களுடன் வருகிறார். மகன் இராட்சத இராட்டினங்களையும் நீர்ச்சறுக்குகளையும் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறான். எனக்கும் மனைவிக்குமோ, நம் முன்னோர் வாழ்ந்த வீடுகளையும் அவர்கள் செய்த கைத்தொழில்களையும் பிள்ளைகள் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே, ஆட்கள் இருந்து செய்துகாட்டும் இடமொன்றில் காணவேண்டும் என்பது நெடுநாள் விருப்பம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு என்னும் இடத்தில், பழைய வீடுகளையும் கைத்தொழில்களையும் காட்டும் தட்சிணசித்ரா வளாகமும் எம்.ஜி.எம். டிஸ்ஸி வேர்ல்ட் கேளிக்கைப் பூங்காவும் அருகருகே இருப்பதாக அறிகிறேன். இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாமா? நல்லூர்த் தேருக்கு முன்னர் திரும்பிவிட வேண்டும் என்று தாயார் உறுதியாகக் கூறுவதால் பயணத்தை நீட்டிக்கவும் இயலாது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கொட்டாஞ்சேனை அன்பர்:

ஒரே நாளில் இரண்டையும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்பதே எனது உறுதியான கருத்து. இரண்டு இடங்களும் அருகருகே இருப்பது உண்மை; ஆனால் தூரம் குறைவு என்பதால் களைப்பும் குறைந்துவிடாது. பூங்காவில் அரைநாள் வெயிலில் ஓடி, நீரில் நனைந்த பிள்ளை, அதன் பின்னர் ஒரு நெசவாளரின் வீட்டில் நின்று எதையும் பொறுமையாகப் பார்க்கமாட்டாது. ஆகஸ்டில் சென்னையின் பகல் வெப்பம் பெரும்பாலும் 35 பாகை செல்சியசை அண்மித்திருக்கும். மாலையில் இடியுடன் மழை பெய்வதும் வழக்கம்.

தட்சிணசித்ராவுக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். சென்னைக் கைவினை அறக்கட்டளை 1984 இல் தொடங்கப்பட்டு, அதன் முயற்சியால் இவ்வளாகம் 1996 டிசம்பரில் திறக்கப்பட்டது. ஏறத்தாழ பத்து ஏக்கர் நிலத்தில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய பகுதிகளின் பழைய வீடுகள் பதினெட்டு உள்ளன. அவற்றுட் பலவும், உரிமையாளர்கள் இடிக்கவிருந்த வேளையில் விலைக்கு வாங்கப்பட்டு, தூணும் கதவும் உத்தரமும் கவனமாகக் கழற்றப்பட்டு, இங்கு கொண்டுவரப்பட்டு, மரபுவழிக் கைவினைஞர்களால் மீண்டும் எழுப்பப்பட்டவை. வளாகத்தின் தொடக்க வடிவமைப்பில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கருக்குப் பங்குண்டு. செட்டிநாட்டு வணிகரின் வீட்டையும், கேரளத்துப் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவரின் மரவீட்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கும்போது, மழை மிகுந்த நாட்டுக்கும் வெயில் மிகுந்த நாட்டுக்கும் கூரை எவ்வாறு வேறுபடுகிறது என்பது சிறு பிள்ளைக்கும் தானாகவே விளங்கும். மரவீட்டின் நடுவே நெல்லைப் பாதுகாத்த களஞ்சிய அறையை மகனுக்கு மறவாமல் காட்டுங்கள்.

மகளைக் குயவரின் சக்கரத்தருகே அமரச் செய்யுங்கள். கையில் மண் பட்டால்தான் அந்த இடம் அவளுடையதாகும். செவ்வாய்க்கிழமை அங்கு விடுமுறை நாள் என்பதை விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே நினைவிற் கொள்ளுங்கள். வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம் அறவிடப்படுகிறது.

பத்தரமுல்லை வாசகர்:

மேலுள்ள அன்பர் கூறியதை மறுக்கவில்லை. எனினும் நால்வர் ஐவருக்கு விசா, விமானக் கட்டணம் என்று செலவிடுமுன் அருகிலுள்ளவற்றையும் எண்ணிப்பாருங்கள். ஹங்வெல்லப் பக்கம் லெஷர் வேர்ல்ட், பண்டாரகமவில் பேர்ள் பே ஆகிய கேளிக்கைப் பூங்காக்கள் கொழும்பிலிருந்து ஒரு நாளில் சென்று திரும்பக்கூடியவை. பத்தரமுல்லையிலேயே, பழைய சிங்களக் கிராமமொன்றின் வீடுகளையும் தொழில்களையும் காட்டும் ‘அபே கம’ உள்ளது. கொக்கலையில் சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் பெயரிலான நாட்டார் அருங்காட்சியகமும் அதே வளவில் அவர் பிறந்த வீடும் உள்ளன. இரண்டாம் உலகப் போரில் விமானத் தளத்துக்காகச் சுற்றியிருந்த வீடுகள் அகற்றப்பட்டபோதும் அவ்வீடு தப்பியது. பத்தாந் தரத்தில் வரலாறு படிக்கும் மகனுக்கு இது மிகவும் பயன்படும்.

வெள்ளவத்தைவாசி:

இருவருக்கும் நன்றி. கொக்கலைக்கு டிசம்பர் விடுமுறையில் நிச்சயம் செல்வோம். சென்னையைத் தெரிவுசெய்ததற்குத் தாயாரே காரணம். அவர் யாழ்ப்பாணத்தில், நடு முற்றத்தைச் சுற்றி நாற்புறமும் கட்டப்பட்ட நாற்சார் வீட்டில் வளர்ந்தவர்; அந்த வீடு இப்போது இல்லை. முற்றமும் திண்ணையும் உள்ள வீடொன்றில் பேரப்பிள்ளைகளுடன் நடந்து, எங்கே நெல் காயப்போட்டார்கள், மழை நீர் எவ்வழியாக இறங்கியது என்று அவரே சொல்லக் கேட்க வேண்டும் என்பது எனது ஆசை. அப்படியாயின், பூங்கா நாளில் அவரை என்ன செய்வது?

தெஹிவளைத் தாய்:

பூங்கா நாளில் தாயாரை வெயிலில் அலைக்கழிக்க வேண்டாம். தட்சிணசித்ரா வளாகத்திலேயே விருந்தினர் விடுதியும் உணவகமும் உள்ளன. முன்கூட்டியே அறை பதிவுசெய்தால், முதல் நாள் அனைவரும் ஆறுதலாக வீடுகளைப் பார்த்துவிட்டு அங்கேயே தங்கலாம். மறுநாள் நீங்கள் பிள்ளைகளுடன் அருகிலுள்ள பூங்காவுக்குச் செல்ல, உங்கள் மனைவி தாயாருடன் இருக்கலாம். நம் முதியவர்களுக்கு நாம் தரக்கூடிய மிகப் பெரிய மரியாதை, அவசரமில்லாத ஒரு நாள் என்று நான் நம்புகிறேன். அந்த முதல் நாளில் வழிகாட்டியை விடத் தாயாரையே பேசவிடுங்கள். இயலுமானால் அவர் சொல்வதைக் கைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

பூங்காவைப் பற்றி ஒரு குறிப்பு: வேகமான இராட்டினங்களுக்கு உயரக் கட்டுப்பாடு இருக்கும். மகளின் உயரத்தை வீட்டிலேயே அளந்து, எவற்றில் ஏற முடியும் என்பதைப் பூங்காவிடம் முன்னரே கேட்டு அவளுக்குச் சொல்லிவிடுங்கள். வரிசையில் நின்ற பின்னர் திருப்பி அனுப்பப்படுவது சிறு பிள்ளைக்குப் பெரிய துயரம். நீர்ச்சறுக்குகளில் பருத்தி உடையைப் பல பூங்காக்கள் அனுமதிப்பதில்லை. நைலோன் நீச்சலுடைகளை இங்கிருந்தே எடுத்துச் செல்லுங்கள். வார இறுதியில் உள்ளூர்க் கூட்டம் மிகுதி என்பதால், புதன்கிழமை வீடுகளுக்கும் வியாழக்கிழமை பூங்காவுக்கும் என்று அமைத்துக்கொள்வது நல்லது.

கொட்டாஞ்சேனை அன்பர்:

தெஹிவளைச் சகோதரி கூறிய ஒழுங்கே சிறந்தது. வெள்ளிக்கிழமை மீதமிருந்தால் அதே சாலையில் தெற்கே சென்று, 1976 இல் தொடங்கப்பட்ட முதலைப் பண்ணையையும் மாமல்லபுரத்தையும் பார்த்துவிடலாம். முழுநாள் வாடகைக்கு வாகனம் பேசிக்கொள்ளுங்கள். விசாவுக்கு இணையவழியில் விண்ணப்பிக்கலாம். தாயாரின் கடவுச்சீட்டில் ஆறு மாதங்களேனும் செல்லுபடிக் காலம் எஞ்சியுள்ளதா என்பதை இன்றே பாருங்கள்.