சூரை மீன் சாப்பிட்டதும் மூஞ்சி சிவந்துடுச்சு, இது அலர்ஜியா?

துடுப்பு:
நேத்து மதியம் சூரை வறுத்தோம், நல்லா வெந்துதான் இருந்துச்சு. ஆனா முதல் வாய்லயே நாக்குல மிளகு கடிச்ச மாதிரி சுரீர்னு இருந்துச்சு, நாங்க மிளகே போடல, சரின்னு முழுசா சாப்பிட்டுட்டேன். அரை மணி நேரத்துல மூஞ்சி, கழுத்து, காது மடல் எல்லாம் செவசெவன்னு ஆகி, தலைவலி, நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. தம்பிக்கும் அதே கதை. ராத்திரிக்குள்ள தானா சரியாயிடுச்சு. வருஷக்கணக்கா சாப்பிடற மீன், இனிமே தொடவே கூடாதா?

நீலக்கடல்:
ஒரே மீனைச் சாப்பிட்ட ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல வந்திருக்குன்னா அலர்ஜியை விட ஹிஸ்டமின் விஷமாத்தான் இருக்கும். சூரை, கானாங்கெளுத்தி, மத்தி மாதிரி மீனோட சதையில ஹிஸ்டிடின்னு ஒரு அமினோ அமிலம் நிறைய இருக்கு, மீன் செத்தப்புறம் ஐஸ் இல்லாம கிடந்தா பாக்டீரியா அதை ஹிஸ்டமினா மாத்திடும். அலர்ஜி வரும்போது நம்ம உடம்பே சுரக்கிறதும் இதே ஹிஸ்டமின்தான், அதனாலதான் பார்க்க அப்படியே அலர்ஜி மாதிரி இருக்கு. வறுத்தாலும், வேகவச்சாலும், டின்ல அடைச்சாலும், ஃப்ரீசர்ல வச்சாலும் அது போகாது. மீன் நாத்தம் அடிக்கிறதுக்கு முன்னாடியே சேர்ந்துடும், அதனால மூக்கை நம்பாதீங்க, நாக்கு சுரீர்னா அங்கயே துப்பிடுங்க.

சூரைக்கு இன்னொரு சிக்கலும் இருக்கு. அது சுத்தியிருக்கிற தண்ணியை விட உடம்பைச் சூடா வச்சுக்கிற மீன், தூண்டில்ல மாட்டிப் போராடுனா இன்னும் சூடாகும், பிடிச்ச உடனே ஐஸ்ல புதைச்சாதான் உள்சதை வரைக்கும் குளிரும்.

ஒண்ணு மட்டும், மூச்சு விடச் சிரமமா இருந்தாலோ தொண்டை, நாக்கு வீங்கினாலோ இந்த ஆராய்ச்சி எல்லாம் வேணாம், நேரா ஆஸ்பத்திரி. இப்ப சரியாயிட்டாலும் ஒருதரம் டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, உண்மையான அலர்ஜி இல்லைன்னு அவர்தான் உறுதிப்படுத்தணும்.

பவளத்திட்டு:
நீலக்கடல் சொன்னதுதான். ஆனா இதையும் பவளப்பாறை மீன் விஷத்தையும் குழப்பிக்காதீங்க. சிகுவாடெரான்னு பேரு, பாசி மேல வளர்ற ஒரு நுண்ணுயிர்ல ஆரம்பிச்சு, சின்ன மீன், அதைத் தின்ற பெரிய மீன்னு ஏறிக்கிட்டே போகும். சீலா, களவா மாதிரி வேட்டை மீன்ல, அதுவும் பெருசுலதான் பயம் அதிகம். ஐஸ் போட்டாலும் பிரயோஜனம் இல்ல, உயிரோட இருக்கும்போதே உள்ள இருக்கு. அதுல குளிர்ந்த தண்ணியைத் தொட்டா சுடற மாதிரி இருக்கும், சிலருக்கு வாரக்கணக்குல இழுக்கும்.

பேத்தை மீன் (பந்து மாதிரி ஊதிக்கிற மீன்) விஷம் அதை விட மோசம். 1774-ல ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் குக், பசிபிக் கடல்ல இருக்கிற நியூ கலிடோனியா தீவுல அதோட ஈரலையும் சினையையும் சும்மா ருசி பார்த்துட்டு, கை கால் மரத்து, எது கனம், எது லேசுன்னு கூட உணர முடியாமப் போயிட்டாரு. அவர் பிழைச்சுட்டாரு, அந்த மீனோட குடலைத் தின்ன பன்னி செத்துக் கிடந்துச்சு.

துடுப்பு:
இப்பதான் புரியுது, வாங்கிட்டு காருக்குப் பின்னாடி வச்சு மூணு மணி நேரம் சுத்திட்டுதான் வீட்டுக்கு வந்தோம், ஐஸ் ஒரு துண்டு கூட இல்ல. மிச்ச மீன் ஃப்ரீசர்ல இருக்கு, பூனைக்குப் போடலாமா?

நீலக்கடல்:
வேணாம். கவர்ல கட்டி, பூனை கிளற முடியாத மாதிரி மூடி போட்ட குப்பைத்தொட்டியில போடுங்க.