பேலஸ் கிரவுண்ட்ஸ் மெய்டன் கச்சேரிக்கு நம்ம பக்கத்திலிருந்து போனவர்கள் எழுதுங்கள்

காவேரிப்பட்டணத்தான்:

2007 மார்ச் 17, பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸ் மைதானம், இங்கிலாந்து ஹெவி மெட்டல் பேண்ட் அயர்ன் மெய்டன். இங்கே இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். நானும் என் சிநேகிதனும் கிருஷ்ணகிரியில் காலை பஸ் ஏறினோம். இரண்டு பேர் காசையும் சேர்த்து ஒரு டிக்கெட்தான் வாங்க முடிந்தது. பாதிக் கச்சேரி நான், மீதி அவன் என்று பேச்சு. முன்னால் பாடுகிற பரிக்ரமா, லாரன் ஹாரிஸ் எல்லாம் முடிந்து, மெய்டன் நாலைந்து பாட்டு பாடியதும் நான் வெளியே வந்து டிக்கெட்டை அவனிடம் கொடுக்க வேண்டும்.

கேட்டில் டிக்கெட்டைக் கிழித்த ஆள், வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டோம் என்று கன்னடத்தில் சொல்லிவிட்டார். திரும்பிப் பார்த்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று "போடா, போ" என்று கையை ஆட்டினான். போய்விட்டேன்.

மெய்டனின் 'ஃபியர் ஆஃப் தி டார்க்' பாட்டு வந்தது. அதில் கிடார் வாசிப்பதையே கூட்டம் வார்த்தை இல்லாமல் பாடும், தெரியுமே. மொத்த மைதானமும் பாடியது. அந்த ஒரு இடத்துக்காகத்தான் நாங்கள் இரண்டு பேரும் ஒரு வருஷமாக ஒரே கேசட்டைத் தேய்த்தோம். என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. ரோட்டுப் பக்கச் சுவர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்தபோது நடைபாதையில் உட்கார்ந்திருந்தான். மடியில் பரோட்டா பொட்டலம், நூல்கூடப் பிரிக்கவில்லை. எண்ணெய் பேண்ட்டில் இறங்கியிருந்தது. "வெளியவே நல்லா கேட்டுச்சுடா, பேஸ் மட்டும்தான் கொஞ்சம் கம்மி" என்றான். அத்திப்பள்ளி தாண்டும்வரை எந்தப் பாட்டுக்கு அப்புறம் எந்தப் பாட்டு வந்தது என்று அவன்தான் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தான். ஒன்றுகூடத் தப்பில்லை. இப்போது துபாயில் இருக்கிறான். இன்றுவரை ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை, அதுதான் அறுக்கிறது. இந்தியாவுக்கு வந்த முதல் பெரிய ராக் பேண்ட் ஆச்சே, எப்படி விட முடியும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

தருமபுரி ரெக்கார்டு பெட்டி:

முதல் பெரிய ராக் பேண்ட் மெய்டன் என்பது தவறு. ஆளாளுக்கு இப்படியே எழுதுகிறார்கள். அதே பேலஸ் கிரவுண்ட்ஸில் 2003 ஏப்ரல் 4-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் வந்தார்கள், லிக்ஸ் உலகச் சுற்றுப்பயணத்தில். மூன்று நாள் கழித்து மும்பை. அதற்கும் முந்தைய வருஷம் பிங்க் ஃப்ளாய்டின் ரோஜர் வாட்டர்ஸ் பெங்களூரில் பாடிவிட்டுப் போனார். ஹெவி மெட்டலில் அவ்வளவு பெரிய பேண்ட் மெய்டன்தான் முதலில் என்றால் ஒப்புக்கொள்கிறேன். மொத்த ராக்கையும் அவர்கள் கணக்கில் எழுதாதீர்கள்.

2003-ல் நான் இருந்தேன். மழை. குடை விரித்தேன், பின்னாலிருந்த பையன்கள் "சார், மறைக்குது" என்றார்கள், மடக்கிவிட்டேன். மூக்குக் கண்ணாடியில் தண்ணீர், துடைக்கத் துணி இல்லை. ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாகர் 59 வயதில் மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடியது எனக்கு ஒரு நிறம் நகர்வது போலத்தான் தெரிந்தது. சார்லி வாட்ஸின் டிரம்ஸ் மட்டும் தெளிவாக வந்தது. 2021-ல் அவர் இறந்த செய்தியைப் பார்த்ததும், நேரில் இருந்தும் அவர் முகத்தைப் பார்க்கவில்லையே என்றுதான் முதலில் தோன்றியது.

பென்னாகரம் பம்பை வீடு:

ரெக்கார்டு பெட்டி ஐயா, முகம் பார்க்காத கதை என்னிடமும் உண்டு.

2009 பிப்ரவரி 15, மறுபடி மெய்டன், மறுபடி பேலஸ் கிரவுண்ட்ஸ். அப்பாவைக் கூட்டிப் போனேன். மாரியம்மன் திருவிழாக்களில் நாற்பது வருஷம் பம்பை வாசித்தவர். முதல் பாட்டு முடிந்ததும் என் காதில் வாய் வைத்துக் கேட்டார்: "மேளம் பேசுது, மேளக்காரரக் காணோமே, எங்கடா?" நிக்கோ மெக்பிரெய்ன் அந்த டிரம் கூட்டத்துக்குள் உட்கார்ந்தால் வெளியே தெரிய மாட்டார். செருப்பு, ஷூ எதுவும் போடாமல் வெறுங்காலில் ஒரே பெடலை மிதிப்பார் என்று சொன்னேன். அப்பா உடனே தன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கடைசிவரை மண்ணில் நின்றார். திரும்பும்போது அந்தச் செருப்பு கிடைக்கவில்லை. ஓசூர் பஸ் ஸ்டாண்டில் வெறுங்காலோடு டீ குடித்தார். மறு வருஷம் போய்விட்டார். கொஞ்சம் முண்டியடித்து, நிக்கோ தெரிகிற இடமாகப் பார்த்து அவரை நிறுத்தியிருக்கலாம்.

அரூர் சவுண்ட் சர்வீஸ்:

என் அனுபவம் ஒரு வரிதான். 2011 அக்டோபர் 30 பெங்களூரில் மெட்டாலிகா என்ற மெட்டல் பேண்டின் கச்சேரிக்குப் போனேன், பாட்டைவிட ஸ்பீக்கரை அதிகம் பார்த்தேன்.

காவேரிப்பட்டணத்தாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் நண்பர் சொன்னது தொழில்படி பொருந்தவில்லை. சுவருக்கு வெளியே, தூரத்தில், பேஸ், அதாவது கனத்த கீழ்ச்சத்தம், குறையாது. பேஸ்தான் அதிகம் வந்து சேரும். சுவரையும் மரத்தையும் சுற்றி வளைந்து வருவது அதுதான். குரலும் கிடாரின் மேல்சத்தமும்தான் வழியில் செத்துப்போகும். ஊர்த் திருவிழாவில் நாங்கள் ஸ்பீக்கர் பாக்ஸ் அடுக்கினால் அடுத்த ஊருக்குக் கேட்பது "தும் தும்" மட்டும்தானே? அதே கணக்கு.

அப்புறம், கச்சேரிக்குப் போகிற பிள்ளைகள் கவனிக்கவும். பஞ்சு வைப்பதால் பிரயோஜனம் இல்லை. மெடிக்கல் ஷாப்பில் நுரை இயர்பிளக் கிடைக்கும். விரலால் நன்றாக மெல்லிசாக உருட்டி, மற்றக் கையால் காதை மேலே இழுத்துப் பிடித்து உள்ளே செருகி, அது விரியும்வரை விரலால் அழுத்திக்கொள்ள வேண்டும். கச்சேரி அரங்குகளில் 15 நிமிஷச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வரையறை வைத்திருக்கிறது. ஸ்பீக்கருக்கு நேர் முன்னால் நிற்காதீர்கள். சத்தத்தைக் கலந்து சரிசெய்கிற மிக்சர் மெஷின் போட்டிருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் நில்லுங்கள், இன்ஜினீயர் தன் காதுக்குச் சரிசெய்வது அங்கேதான். சத்தம் ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். நூறு மீட்டர் தள்ளி நின்றால் டிரம்மில் குச்சி விழுந்து கால் விநாடிக்கும் மேலே கழித்துத்தான் அடி கேட்கும். அதற்காகத்தான் நடுவில் டவர் கட்டி, தாமதம் கொடுத்து ஸ்பீக்கர் வைக்கிறார்கள். எனக்கு வலது காதில் இன்றும் விசில் சத்தம் நிற்கவில்லை, அதனால் சொல்கிறேன்.

பர்கூர் தங்கச்சி:

நானும் அதே மெட்டாலிகாதான் அண்ணா. 28-ம் தேதி குர்கான் கச்சேரி ரத்தான செய்தி வந்ததும் பெங்களூரும் போச்சு என்று இரண்டு ராத்திரி தூங்கவில்லை. வீட்டில் தோழி கல்யாணம் என்று சொல்லிவிட்டுப் போனேன். மறுநாள் அம்மா முற்றத்தில் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். என் தொண்டை கட்டியிருந்ததைக் கேட்டு, நிமிராமலே, "கல்யாணத்துல யாரும் இப்படிக் கத்த மாட்டாங்க" என்றார். உண்மையைச் சொன்னேன். திட்டவில்லை. "சரி, என்னதான் பாடுனாங்க, ஒரு வரி சொல்லு" என்றார். எல்லாப் பாட்டும் மனப்பாடம் எனக்கு. "உனக்குப் புரியாதும்மா" என்று எழுந்து போய்விட்டேன். அவர் கையில் உரித்த கடலை இரண்டு இருந்தது, எனக்குக் கொடுக்க நீட்டியபடி.

காவேரிப்பட்டணத்தான்:

ரெக்கார்டு பெட்டி ஐயா, ஸ்டோன்ஸ் விஷயத்தில் நீங்கள் சொல்வதே சரி.

அரூர் அண்ணா, நீங்கள் எழுதியதை நேற்று ராத்திரியிலிருந்து எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. மெய்டனில் பேஸ் கிடார் வாசிப்பது ஸ்டீவ் ஹாரிஸ். பேண்டை ஆரம்பித்தவர், கம்பியை மீட்டுகிற பிக் என்ற வில்லை இல்லாமல் விரலால் வாசிப்பவர். அவருடைய பேஸை மட்டும் கேட்டே எந்தப் பாட்டு என்று என் சிநேகிதன் சொல்லிவிடுவான். திரும்பி வரும்போது சூளகிரி வரைக்கும் முன்சீட்டுக் கம்பியில் இரண்டு விரலால் தட்டிக்கொண்டே வந்தான். தூக்கம் வராமல் தட்டுகிறான் என்று நினைத்தேன்.