ஐயனார் கோயில் காட்டில் கூட்டமாக முளைத்த சின்ன வெள்ளைக் காளான்: எந்த வகை என்று சொல்ல முடியுமா?

கேள்வி (வேதாரண்யம் பக்கத்துக் கிராமம்)

வணக்கம். ஐப்பசி அடைமழை விட்ட மறுநாள், எங்கள் ஊர் ஐயனார் கோயிலைச் சுற்றியுள்ள காட்டில் காளான் முளைத்திருந்தது. நாவலும் பாலையும் அடர்ந்த மணற்பாங்கான இடம். கறையான் புற்றிலிருந்து சற்றுத் தள்ளி, சருகை விலக்கினால் மண்ணே தெரியாத அளவுக்கு வெள்ளையாக மூடியிருக்கிறது. குடையின் அகலம் ஒன்றரை சென்டிமீட்டர்கூட இல்லை. உச்சியில் மட்டும் சாம்பல் பூத்த சிறு கூர். தண்டு ஊதுவத்திக் குச்சி பருமன். இழுத்தால் மண் ஒட்டாமல் கையோடு வந்துவிடுகிறது.

என் மாமியார் பார்த்தவுடன், "இது புற்றுக்காளானில் சின்ன வகை, எறும்பு மொய்த்திருக்கிறது பார், விஷமில்லை" என்று முறம் நிறையப் பறித்துவிட்டார். வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறான். பெயர் உறுதியாகத் தெரியாமல் அடுப்பில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. குடையை வெள்ளைத்தாளில் கவிழ்த்து வைத்தால் காளானின் வித்துத் தூள் படியும், அதன் நிறத்தைக் கொண்டு அடையாளம் காணலாம் என்று படித்து அப்படியே செய்தேன். காலையில் பார்த்தால் ஈரக்கறை மட்டும் இருக்கிறது. ஏன் தூள் படியவில்லை?

பதில் (மன்னார்குடி)

குழம்பு கொதிக்கும்போது வெள்ளிக்காசு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். கறுக்காவிட்டால் பயப்படாமல் சாப்பிடலாம். எங்கள் பாட்டி காலத்திலிருந்து இதுதான் வழக்கம்.

பதில் (தஞ்சாவூர், தாவரவியல் ஆசிரியர்)

மேலே சொன்ன ஐயா கோபிக்கக் கூடாது. வெள்ளிக்காசை நம்பி தயவுசெய்து யாரும் காளான் சமைக்காதீர்கள். உயிரைக் குடிக்கும் அமடாக்சின் என்ற நஞ்சு வெள்ளியைக் கறுக்க வைப்பதில்லை. கொதிக்க வைத்தாலும் வெயிலில் உலர்த்தினாலும் அது அழிவதுமில்லை. எறும்பு, நத்தை, அணில் தின்பதும் நமக்குச் சான்று ஆகாது. அவற்றின் உடல் வேறு, நம் உடல் வேறு.

இனி உங்கள் தாளுக்கு வருகிறேன், அம்மா. தூள் படிந்திருக்கவே வாய்ப்பு அதிகம். வெளிறிய நிறத் தூள் வெள்ளைத்தாளில் கண்ணுக்குத் தெரியாது. மழையில் ஊறிய குடை என்றால் நீரும் சேர்ந்து கறையாகிவிடும். நன்றாக விரிந்த குடையாகத் தேர்ந்தெடுங்கள், மொட்டு வேண்டாம். தண்டைக் குடையோடு ஒட்ட நறுக்கிவிட்டு, ஈரத்தைத் துணியில் ஒற்றி எடுங்கள். புகைப்படச் சட்டத்தின் கண்ணாடியைக் கழற்றி அதன்மேல் கவிழ்த்து, காற்றுப் படாமல் தம்ளரால் மூடி, இரவு முழுவதும் விடுங்கள். காலையில் படிந்த தூளைப் பிளேடால் ஓரிடத்தில் வழித்துக் குவித்து, கண்ணாடியின் அடியில் கறுப்புத்தாளும் வெள்ளைத்தாளும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தால் நிறம் பிடிபடும். ஒரே குடையை நம்பாமல், முறத்தின் வெவ்வேறு மூலையிலிருந்து எடுத்து வையுங்கள்.

நீங்கள் சொன்ன அடையாளங்கள் டெர்மிட்டோமைசிஸ் மைக்ரோகார்பஸ் என்ற வகையோடு பொருந்துகின்றன. மாமியார் சொன்ன உறவு சரிதான், இது புற்றுக்காளானின் இனமே. கறையான் மரத்தையும் சருகையும் மென்று புற்றுக்குள் துளைகள் நிறைந்த அடை கட்டி, அதில் இந்தப் பூஞ்சையைப் பயிர் செய்கிறது. கறையானுக்கு எளிதில் செரிக்காத மரச்சத்தைப் பூஞ்சை பக்குவப்படுத்தித் தருகிறது. பெரிய புற்றுக்காளான் அந்த அடையிலிருந்து நீண்ட அடித்தண்டு விட்டு மண்ணைத் துளைத்து மேலே வரும். பிடுங்கினால் பாதியில் அறுந்துவிடும். மைக்ரோகார்பஸ் அப்படி இல்லை. கறையான்கள் மழைக்காலத்தில் அடைத் துணுக்குகளை வெளியே கொண்டுவந்து தரையில் கொட்டும். கொட்டிய இடத்தில் நூற்றுக்கணக்கில் முளைக்கும். உங்கள் கைக்கு அது எளிதாக வந்ததன் காரணம் இதுதான். அதன் தூள் வெளிறிய இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும்.

தூள் தூய வெள்ளையாக இருந்தாலோ, தண்டில் சிறு வளையம் இருந்தாலோ முறத்தைத் தொடவே வேண்டாம். லெபியோட்டா இனத்தில் இதைப்போன்ற சிறிய காளான்கள் உண்டு. அவற்றுள் சிலவற்றில் நான் சொன்ன அமடாக்சின் இருக்கிறது. பழுப்பு நிறத் தூள் என்றால் இனோசைபி என்ற நச்சுக் காளானாக இருக்கலாம். அதைத் தின்றால் வியர்வையும் உமிழ்நீரும் கட்டுக்கடங்காமல் பெருகும்.

பதில் (திருத்துறைப்பூண்டி)

இடையில் ஒன்று கேட்கிறேன். கோடியக்கரைக் காட்டிலும் இதே காளானைப் பார்த்தேன். அங்கே பறிக்கலாமா?

பதில் (தஞ்சாவூர், தாவரவியல் ஆசிரியர்)

கூடாது. அது 1967இல் அறிவிக்கப்பட்ட வனவிலங்குச் சரணாலயம். அனுமதியில்லாமல் அங்கிருந்து எதையும் எடுத்து வருவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். படம் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

கேட்டவர்

நீங்கள் சொன்னபடியே கண்ணாடியில் வைத்தேன். பெரும்பாலான குடைகளுக்குக் கீழே மங்கலான இளஞ்சிவப்பு. ஆனால் மூன்று குடைகளுக்குக் கீழே கறுப்புத்தூள் படிந்திருக்கிறது! உற்றுப் பார்த்தால் அந்த மூன்றிலும் உச்சியிலிருந்து விளிம்பு வரை விசிறிமடிப்பாகக் கோடுகள் ஓடுகின்றன, கூர் இல்லை. மாமியாரைக் கேட்டேன். புற்றுக்கு அப்பால் இற்றுப்போன அடிமரம் ஒன்று கிடக்கிறதாம், அதன்மேல் இருந்ததையும் சேர்த்துப் பறித்ததாகச் சொல்கிறார்.

பதில் (தஞ்சாவூர், தாவரவியல் ஆசிரியர்)

அந்த மூன்றும் பெரும்பாலும் கோப்ரினெல்லஸ் டிஸ்ஸெமினேட்டஸ். மக்கும் மரத்தில் கூட்டமாக வரும். அதனால் பெரிய தீங்கு இல்லை. ஆனால் அதே முறத்தில் அதே எளிமையோடு ஒரு லெபியோட்டாவும் ஏறியிருக்கலாம். ஒவ்வொரு குடையையும் கவிழ்த்துப் பார்க்க யாராலும் முடியாது. புற்றுக்காளான் உண்ணத்தக்கதுதான், சுவையானதும்கூட. இந்த முறத்தைச் சமைக்கலாம் என்று மட்டும் நான் சொல்ல மாட்டேன். எருக்குழியில் கொட்டிவிடுங்கள். உறுதியான பெயர் வேண்டுமானால், புற்றருகே ஒரே கூட்டத்திலிருந்து சிலவற்றை அடியோடு எடுத்து, பிளாஸ்டிக் பையில் போடாமல் காகிதத்தில் சுற்றி உலர்த்தி, தூள் படிந்த கண்ணாடியோடு கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தாவர நோயியல் துறையைக் கேளுங்கள். அங்கே காளான் ஆராய்ச்சி நடக்கிறது.

பதில் (கும்பகோணம், ஓய்வுபெற்ற செவிலியர்)

இதைப் படிக்கும் எல்லோருக்கும் ஒரு வார்த்தை. காளான் தின்ற இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி வந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆறு மணி நேரம் கழித்து, அதாவது இரவு தின்று விடியற்காலையில் வாந்தியும் பேதியும் தொடங்கினால் அது இன்னும் ஆபத்தானது. மறுநாள் நோயாளி தேறியதுபோல எழுந்து உட்கார்வார்; உள்ளே கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். அந்தத் தெளிவை நம்பி வீட்டில் வைத்திருக்காதீர்கள். 108ஐ அழையுங்கள். மிச்சமிருக்கும் காளானையோ குழம்பையோ கையோடு எடுத்துப் போங்கள்.

கேட்டவர்

மாமியாரிடம் இரண்டு நிறத் தூளையும் காட்டினேன். அவரே முறத்தை எடுத்துப்போய்க் கொட்டிவிட்டார். இன்னும் ஒரு சந்தேகம்: பையன் அந்தக் காளான்களை அள்ளி விளையாடினான். ஏதும் ஆகுமா?

பதில் (கும்பகோணம், ஓய்வுபெற்ற செவிலியர்)

தொட்டதால் இந்த நஞ்சு ஏறாது. வாயில் போடவில்லை என்று மட்டும் அவனிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும். முறத்தையும் கழுவி வெயிலில் காயவையுங்கள்.