லிங்கர் ஆசிட்டுக்கு நிறை அளவையில் 434 வர வேண்டும், 452 வருகிறது. யாராவது பார்த்ததுண்டா?

பொம்மசந்திராவிலிருந்து:
வணக்கம். இங்கே ஒரு சிந்தெசிஸ் லேப்பில் ஒன்றரை வருடமாக இருக்கிறேன். இப்போது கையில் இருப்பது புரோட்டாக் லிங்கர், செரிப்ளான் பக்கம். புரோட்டாக் என்றால் ஒரு முனையில் அழிக்க வேண்டிய புரதத்தையும் மறுமுனையில் அதை அழிவுக்கு அடையாளமிடும் செரிப்ளான் போன்ற புரதத்தையும் பிடிக்கும் மூலக்கூறு; இரண்டு முனையையும் இணைப்பதுதான் லிங்கர். 4-புளுரோ தாலிடமைடையும் பெக்-2 (எத்திலீன் கிளைக்கால் கண்ணி இரண்டு உள்ள சங்கிலி) அமீன் மெத்தில் எஸ்டரையும் டிஎம்எஸ்ஓ கரைப்பானில் டைபியா என்ற காரம் போட்டு 90 டிகிரியில் ஓட்டினேன். அந்த ஸ்டெப் அழகாக வந்தது. டிஎல்சி தட்டில் (கலவையைப் பிரித்துக் காட்டும் சிலிக்கா தட்டு) மஞ்சள் ஸ்பாட் வெறும் கண்ணுக்கே தெரிகிறது, 365 நானோமீட்டர் யூவி விளக்கில் பச்சையாக ஜொலிக்கிறது.

அப்புறம்தான் சிக்கல். எஸ்டரை ஆசிட் ஆக்க லித்தியம் ஹைட்ராக்சைடு என்ற காரம் போட்டு ராத்திரி முழுக்க விட்டேன். காலையில் பார்த்தால் மஞ்சள் ஸ்பாட் தட்டின் அடியிலேயே உட்கார்ந்திருக்கிறது. எல்சிஎம்எஸ்ஸில் (பிரித்து நிறை அளக்கும் கருவி) 434 துளியூண்டு, 452 மலை மாதிரி. மூன்று பேட்ச் இப்படியே போய்விட்டது. அந்த பெக் அமீன் விலை அதிகம், கேட்டு வாங்கவே கூச்சமாக இருக்கிறது. எங்கே தப்பு செய்கிறேன்?

இன்னொன்று: பெக் 1 முதல் 5 வரை எல்லாம் செய்யச் சொல்கிறார்கள். அத்தனையும் தேவையா?

ஜிகணியிலிருந்து:
தம்பி, 434-உடன் 18 சேர்ந்திருக்கிறது, அதாவது ஒரு தண்ணீர் மூலக்கூறு. உன் எஸ்டர் மட்டும் உடையவில்லை, தாலிடமைடு பகுதியின் இமைடு வளையமும் திறந்துகொண்டது. அதிலிருக்கும் குளூட்டாரிமைடு, தாலைமைடு வளையங்கள் இரண்டுமே காரம் தாங்காது. குளூட்டாரிமைடு திறந்தால் செரிப்ளான் அதைப் பிடிக்கவே பிடிக்காது, அதை வைத்து மேலே போவதில் பயனில்லை. நானும் இதே 18-ஐப் பார்த்துவிட்டு, பிரித்தெடுக்கும் சிலிக்கா குழாய்தான் (காலம்) சரியில்லை என்று ஒரு வாரம் சிலிக்காவோடு மல்லுக்கட்டியவள்.

மெத்தில் எஸ்டரை விட்டுவிடு. டெர்ட்-பியூட்டைல் எஸ்டரில் ஆரம்பி. கடைசியில் டிஎஃப்ஏ என்ற அமிலம், டிசிஎம் கரைப்பான் சம பங்கு, அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரம். வொர்க்கப்பில் (வினை முடிந்த பின் சுத்தம் செய்யும்போது) பைகார்பனேட் பக்கமே போகாதே, அதுவும் காரம்தான். டொலுவீன் ஊற்றி ஊற்றி ரோட்டாவில் (கரைப்பானை ஆவியாக்கும் கருவி) இழு, அது போதும்.

தில்லியிலிருந்து:
இரண்டாவது கேள்விக்கு: செய்யுங்கள், தேவைதான். இரண்டு புரதமும் ஒன்றோடொன்று ஒட்டி நிற்க வேண்டும், அதற்கு எந்த நீளம் சரி என்பதைக் காகிதத்தில் கணக்குப் போட்டுச் சொல்வது கஷ்டம். எம்இசட்1 என்ற புரோட்டாக்கைப் பாருங்கள். 2017-இல் வந்த படிக அமைப்பில் அழிக்க வேண்டிய புரதமான பிஆர்டி4-உம், செரிப்ளான் போல அடையாளமிடும் விஎச்எல்-உம் நேரடியாகவே தொட்டுக்கொண்டிருந்தன, நடுவில் பெக் மடிந்து கிடந்தது. லிங்கர் வெறும் கயிறு என்று நினைத்திருந்த எனக்கு அந்தப் படம் பெரிய பாடம். ஆனால் உடம்புக்குள் போக வேண்டுமென்றால் பெக் நிலைக்காது, ஆக்சிஜன் பக்கத்துக் கார்பனில் என்சைம் கடித்துவிடும். ஏஆர்வி-110, ஏஆர்வி-471 என்ற புரோட்டாக் மருந்துகள் இரண்டிலும் பிப்பரிடின், பிப்பரசின் வளையங்கள் வைத்து விறைப்பாக்கியிருக்கிறார்கள். பெக்கில் நீளத்தைக் கண்டுபிடியுங்கள், பிறகு விறைப்பானதற்கு மாறலாம்.

பொம்மசந்திராவிலிருந்து:
அக்கா, ரொம்ப நன்றி. நேற்று டெர்ட்-பியூட்டைல் எஸ்டரில் செய்தேன். டொலுவீன் மூன்று தடவை ஊற்றிய பிறகுதான் டிஎஃப்ஏ வாடை விட்டது. ஆர்பி குடுவையில் மஞ்சள் எண்ணெய், சுரண்டினால் தேன் மாதிரி இழுக்கிறது. எல்சிஎம்எஸ்ஸில் 434 மட்டும், 452 இல்லவே இல்லை. தில்லி அண்ணா சொன்னபடி ஐந்து நீளமும் போடுகிறேன். நாளைக்கு எச்ஏடியூ கப்ளிங் (ஆசிட்டை அமீனோடு இணைப்பது). அதிலும் டைபியா இருக்கிறதே, ராத்திரி முழுக்க விடாமல் ஒரு மணி நேரத்தில் எடுத்துப் பார்க்கிறேன்.