120 படம், 2 பாட்டு: பாட்டு முடியறதுக்குள்ள படம் தீர்ந்துடுது

பழைய_ஆல்பம்:
விண்டோஸ் 11, 8 ஜிபி ராம். ஷாட்கட்ங்கற வீடியோ எடிட்டிங் மென்பொருள்ல 120 போட்டோ வச்சு ஸ்லைடுஷோ பண்றேன். படத்துக்கு 5 விநாடி, நடுவுல 1 விநாடி டிசால்வ் (ஒரு படம் கரைஞ்சு அடுத்தது தெரியறது). பாட்டு ரெண்டு: 4:10, 4:20. கணக்குப்படி 10 நிமிஷம் வரணும். ஆனா 8:01லயே படம் தீர்ந்து, மிச்சப் பாட்டு கறுப்புத் திரையில ஓடுது. நெட்டுவாக்குல எடுத்த போட்டோல தலை வெட்டுப்படுது. வேற ஒரு மென்பொருள்ல போட்டா சில படம் படுத்துக்கிட்டு வருது. பிரிவியூவும் திக்கித் திக்கித்தான் ஓடுது. என்ன பண்ணலாம்?

டைம்லைன்_தாத்தா:
டிசால்வ் நடக்கும்போது ரெண்டு படமும் ஒண்ணுமேல ஒண்ணு ஏறி நிக்குது, அந்த நேரம் மொத்தத்துல குறையும். 120 படத்துக்கு நடுவுல 119 டிசால்வ். 600 − 119 = 481 விநாடி, அதுதான் உங்க 8:01. பாட்டு 510 விநாடி. தலைகீழா போடுங்க: பாட்டு நீளத்தோட 119ஐக் கூட்டி 120ஆல வகுத்தா ஒரு படத்துக்கு எவ்வளவுன்னு வந்துடும். பாட்டை முதல்ல முடிவு பண்ணிட்டுத்தான் இந்தக் கணக்கு.

தலை வெட்டுப்படறது ஸ்லைடுஷோ அமைப்புல நடுவெட்டு (நடுப்பகுதியை வச்சு மிச்சத்தை வெட்டறது) தேர்ந்தெடுத்ததால. 3:4 நெட்டுப் படத்தை 16:9 சட்டத்துல அடைச்சா உயரத்துல 42 சதவீதம்தான் மிஞ்சும். வெட்டாம முழுப் படத்தையும் காட்டுற மாதிரி வைங்க. பக்கத்துல கறுப்பு ஓரம் வந்தா வரட்டும். அதே படத்தை மங்கலாக்கிப் பின்னால போடறதும் உண்டு. பத்துப் படத்துக்கு நல்லா இருக்கும், 120க்கும் போட்டா கண்ணை உறுத்தும்.

படுத்துக்கிட்டு வர்றது எக்சிஃப் தகவல் (கேமரா படத்தோட சேர்த்து எழுதற குறிப்பு) விவகாரம். கேமரா படத்தைத் திருப்பறதில்லை, 'திருப்பிக் காட்டு'ன்னு ஒரு குறிப்பு மட்டும் எழுதும். அதைப் படிக்காத மென்பொருள் அப்படியே காட்டிடும். இர்ஃபான்வியூங்கற படம் பார்க்கற மென்பொருளைத் திறந்து பி (B) விசையை அழுத்துங்க, தொகுப்பு மாற்றம் வரும். அதுல எக்சிஃப் படி தானா திருப்பு, நீளப் பக்கம் 2560, ஜேபெக் தரம் 90 வச்சு வேற ஃபோல்டருக்கு எழுதுங்க. மூலப் படத்துமேல எழுதிடாதீங்க. பிரிவியூ திக்கறதும் இதுலயே சரியாகும்: 4 எம்பி ஃபைல்னு தெரியுற 4000×3000 படம், திறந்ததும் நினைவகத்துல 36 எம்பி பிடிக்கும்.

பேரு 001, 002னு மூணு இலக்கமா இருக்கட்டும். 1, 2, 3ன்னு வச்சா சில மென்பொருள் 1, 10, 100, 2ன்னு அடுக்கும். வாட்ஸ்அப்ல வந்த படத்துல எடுத்த தேதி அழிஞ்சிருக்கும், அதைக் கையாலதான் வரிசைப்படுத்தணும்.

இதெல்லாம் முடிச்சிட்டு, ஷாட்கட்ல வீடியோ மோட் 1080பி 30ன்னு வச்சுட்டு, பிளேலிஸ்ட்ல எல்லாத்தையும் தேர்ந்தெடுத்து ஸ்லைடுஷோவுல சேருங்க. அதுக்கப்புறம் ஃபோல்டரை நகர்த்தக் கூடாது. ப்ராஜெக்ட் ஃபைல்ல படம் இருக்காது, படம் இருக்கற இடம்தான் இருக்கும்.

காதுகொடு:
பாட்டை ஷாட்கட்ல ஒட்டாதீங்க, ஆடாசிட்டிங்கற ஒலி எடிட்டிங் மென்பொருள்ல ஒரே ஃபைலா ஆக்கிடுங்க. முதல்ல ரெண்டையும் தனித்தனியா லவுட்னஸ் நார்மலைசேஷன்ல (சத்த அளவைச் சமமாக்கறது) −16 LUFSக்குக் கொண்டு வாங்க. இல்லேன்னா ரெண்டாவது பாட்டு வந்ததும் எல்லாரும் ரிமோட்டைத் தேடுவாங்க. எம்பி3யோட முன்னும் பின்னும் இருக்கற வெற்று அமைதியை வெட்டுங்க. ரெண்டாவது டிராக்கை, முதலாவது முடியறதுக்கு 3 விநாடி முன்னால ஆரம்பிக்கற மாதிரி நகர்த்தி, ஏறின பகுதியை ரெண்டு டிராக்குலயும் தேர்ந்தெடுத்து கிராஸ்ஃபேட் டிராக்ஸ் போடுங்க, ஒண்ணு தேயத் தேய இன்னொண்ணு ஏறும். கடைசி 4 விநாடி ஃபேட் அவுட். 48000 ஹெர்ட்ஸ் வேவ் ஃபைலா எடுங்க.

அமைதியை வெட்டினதை விட்டுட்டுப் பார்த்தா 510 − 3 = 507. (507 + 119) ÷ 120 = 5.217. 5.2 போட்டா படம் 505 விநாடி. கடைசிப் படத்தை 2 விநாடி இழுத்து விடுங்க, ஃபேட் அதுமேல விழும். அமைதி எவ்வளவு போச்சோ அந்த அளவுக்கு 507ஐக் குறைச்சுக்கங்க.

பழைய_ஆல்பம்:
படமும் பாட்டும் ஒண்ணா முடியுது. ஆனா பென்டிரைவ்ல போட்டு டிவில ஓட்டினா சத்தம் மட்டும் வருது, படம் இல்லை. ஹெச்.265ங்கற வீடியோ சுருக்க முறையில எடுத்தேன், ஃபைல் சின்னதா இருக்கும்னு.

டைம்லைன்_தாத்தா:
அதுதான் காரணம். பழைய டிவிக்கு ஹெச்.265 தெரியாது, ஒலியை மட்டும் பிரிச்சு ஓட்டும். எம்பி4, ஹெச்.264, ஒலிக்கு ஏஏசி 192 கேபிபிஎஸ்னு வச்சு எடுங்க. கோடெக் பகுதியில நிலையான பிட்ரேட் (விநாடிக்கு எத்தனை பிட்ங்கற அளவு) வேண்டாம், தரம் அடிப்படையிலான விபிஆர் (தேவைக்கேத்த மாதிரி மாறற பிட்ரேட்) 60 சதவீதம். அசையாத படத்துக்கு பிட்ரேட் கொஞ்சம் போதும், ஆனா டிசால்வ் ஆகும்போது ஒவ்வொரு பிக்சலும் மாறும். அங்கே பிட் போதலைன்னா கட்டம் கட்டமா உடையும். 8 எம்பிபிஎஸ் சராசரி வந்தாலும் எட்டரை நிமிஷத்துக்கு 510 எம்பிதான். பென்டிரைவ் ஃபேட்32 முறையில ஃபார்மேட் பண்ணினதா இருந்தாலும் ஒரு ஃபைல் 4 ஜிபி வரைக்கும் ஏத்துக்கும்.