பழைய பஜிரோ: டீசலா, பெற்றோலா? தாளையடி மணலுக்கு எது சரிவரும்?

தாளையடிக் காணிக்காரன்
வணக்கம் அண்ணைமார். நான் இருக்கிறது நெல்லியடியில. தாளையடிப் பக்கம் அப்பாவின்ர தென்னங்காணி கிடக்கு, கிழமைக்கு ஒருக்கா எண்டாலும் போகவேணும். தார் றோட்டு முடிஞ்சாப் பிறகு காணி மட்டும் மணல், மாரியில வெள்ளம் நிக்கும். அதுக்காக ஒரு பழைய பஜிரோ ஜீப் பாக்கிறன்.

ரெண்டு வாகனம் கைக்கு வந்திருக்கு. ரெண்டும் 90களில வந்த இரண்டாம் தலைமுறை. ஒண்டு 2.5 ரேபோ டீசல், 4டி56 எஞ்சின். மற்றது 3.0 வி6 பெற்றோல், 6ஜி72. பெற்றோல் நல்லா விலை குறைவு, பொடியும் சுத்தம். டீசல்காரர் விலையில அசையிறாரில்லை. "பெற்றோல் ஜீப் வாங்கிறது யானையைக் கட்டித் தீனி போடுற மாதிரி" எண்டு வீட்டில ஒரே பேச்சு. நான் மாசம் 400 கிலோமீற்றருக்கு மேல ஓடமாட்டன். பெற்றோலை வாங்கி டீசல் எஞ்சின் ஏத்தச் சொல்லியும் ஒருத்தர் சொல்லுறார். எது புத்தி?

பருத்தித்துறையான்
டீசல்தான் தம்பி. குறைஞ்ச சுத்திலயே இழுவை வரும், மணலில அதுதான் தேவை. 2022ஐ மறந்துபோனீரோ? எரிபொருள் தட்டுப்பாட்டில கியூஆர் பங்கீடு வந்த நேரம் கிழமைக்கு 20 லீற்றர்தான் தந்தவங்கள். அந்த 20 லீற்றரில வி6 எவ்வளவு தூரம் போகும் எண்டு கணக்குப் பாரும்.

கொக்குவில் கராஜ்
பருத்தித்துறை அண்ணை சொல்லுற இழுவை பெரிய டீசல் எஞ்சினுக்குப் பொருந்தும். லாண்ட் குறூசரின்ர 1எச்இசட் மாதிரி 4.2 லீற்றர் எண்டா நானும் கண்ணை மூடிக்கொண்டு ஓம் எண்டுவன். 4டி56 வெறும் 2.5. ரேபோ காத்து ஏறுமட்டும் அது சோர்ந்துதான் கிடக்கும். வி6இல கியரை 4எல்லில, அதுதான் நாலு சில்லும் மெதுவா, பலமா இழுக்கிற கியரில, போட்டா மணலில தாராளமாப் போகும். மணலில புதையிறது அனேகமா ரயர் காத்தாலதான். 18 பிஎஸ்ஐக்கு இறக்கிப் போட்டு ஓடுங்கோ, திரும்பத் தார் றோட்டில ஏறினதும் அடியுங்கோ.

இப்ப கணக்கு. 4டி56 நல்ல நிலையில லீற்றருக்கு 9, 10 கிலோமீற்றர் ஓடும். வி6 6, 7 ஓடினாலே சந்தோசப்படவேணும். 400 கிலோமீற்றருக்கு டீசல் 40 லீற்றரைத் தாண்டும், பெற்றோல் 60ஐத் தாண்டும். மாசம் 20 லீற்றர் வித்தியாசம், வருசத்துக்கு 240, 250. பழைய டீசலில பம்பும் இஞ்செக்டரும் ஒருக்காச் செய்தா, இல்லையெண்டா ஹெட் (எஞ்சினின்ர மேல்பாகம்) ஒண்டு மாத்தினா, அந்த மிச்சமெல்லாம் பல வருசத்துக்குக் காணாது. மாசம் 1500 ஓடுற ஆள் எண்டா நான் வேற கதை சொல்லியிருப்பன்.

4டி56இல பயப்படவேண்டியது ஹெட். சூடேறினா வெடிப்பு விழும். யாழ்ப்பாணத்தில ஏத்தம் இல்லாதபடியா வருத்தம் வெளியில தெரியாது, வாங்கி முதல் தரம் கொழும்புக்கு ஓடேக்கதான் தெரியவரும். அதால ரெண்டு வாகனத்தையும் மணலுக்கே கொண்டுபோங்கோ. ஏசியைப் போட்டு, 4எல்லில, கொஞ்ச நேரம் விடாமல் ஓட்டுங்கோ. சூட்டு முள் அசையுதா எண்டு பாருங்கோ. அதுக்கு முதல், காலமை எஞ்சின் பச்சைத்தண்ணியா இருக்கேக்க றேடியேற்றர் மூடியைத் திறந்து ஸ்ராட் பண்ணுங்கோ. விடாமல் குமிழி வந்தா கை வைக்காதேங்கோ. விக்கிறவர் முதலே ஸ்ராட் பண்ணிச் சூடாக்கி வைச்சிருந்தா இன்னொரு நாள் போங்கோ.

எஞ்சின் மாத்திற யோசனையை விடுங்கோ. கியர்பொக்ஸ், எஞ்சின் மவுண்ட், வயரிங் எல்லாம் மாறும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில எஞ்சின் நம்பரும் எரிபொருளும் மாத்திப் பதியவேணும். பதியாமல் ஓடினா இன்சூரன்சும் விக்கிறதும் பிறகு தலையிடி.

பழைய ஒஸ்ரின்
பெற்றோல் எண்டு பயப்படுற ஆக்களுக்கு ஒண்டு சொல்லவேணும். 90களில பொருளாதாரத் தடை இருக்கேக்க இஞ்ச ஒஸ்ரினும் மொறிஸும் மண்ணெண்ணெயில ஓடினது. காபறேற்றருக்குக் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடானாப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்துவம். எங்கட மெக்கானிக்மார் எவ்வளவு கெட்டிக்காரர் எண்டதுக்கு அது சாட்சி. ஆனா அது அமுக்கம் குறைஞ்ச எஞ்சின். வி6இல அதைச் செய்து பாக்க நினையாதேங்கோ, இஞ்செக்டரும் எஞ்சினும் போயிடும்.

வெள்ளத்தைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. பெற்றோல் எஞ்சினில வயர் நனைஞ்சா நிண்டுபோகும், துடைச்சுக் காயவிட்டா அனேகமா வரும். டீசலுக்கு ஸ்பார்க் பிளக் இல்லை, நனைஞ்சாலும் ஓடும். அந்தத் துணிவில ஆழத்துக்க விட்டு, காத்துக் குழாயால தண்ணி உள்ளுக்குப் போனா கொனெக்ரிங் றொட் வளையும். உங்கட பக்கம் உப்புத் தண்ணி வேற. பொடி சுத்தம் எண்டு ஏமாறாமல் கீழ படுத்துச் சேசியைப் பாருங்கோ, சுத்தியலால தட்டிப் பாருங்கோ.

தாளையடிக் காணிக்காரன்
எல்லாருக்கும் நன்றி. ரெண்டையும் ஓடிப் பாத்தன். டீசல் காலமை ஒரே அடியில ஸ்ராட் வந்தது, புகையும் இல்லை. ஆனா றேடியேற்றரில குமிழி நிக்கேல்லை, மணலில முள்ளும் ஏறத் தொடங்கிச்சுது. "மூடி பழுது, அவ்வளவுதான்" எண்டார் விக்கிறவர். பெற்றோலில முள் அசையேல்லை, சேசியும் தட்டிப் பாத்தன், நல்லா இருக்கு. ஸ்ராட் பண்ணேக்க மட்டும் கொஞ்சம் நீலப்புகை அடிச்சிட்டு நிண்டுபோச்சு. அது பயப்படவேண்டியதோ?

கொக்குவில் கராஜ்
டீசலை விடுங்கோ. மூடி பழுதெண்டா குமிழி அப்பிடி வராது, ஹெட்டுக்குக் கீழ இருக்கிற காஸ்கற்றோ ஹெட்டோ போயிருக்கு.

ஸ்ராட் பண்ணேக்க மட்டும் வாற நீலப்புகை அனேகமா வால்வு சீல். இந்த எஞ்சினில வழக்கமா வாறதுதான். பிளக் ஓட்டையால காத்தடிச்சு வால்வைப் பிடிச்சு வைச்சா, ஹெட்டைக் கழட்டாமலே சீலை மாத்தலாம். ஓடேக்கயும் புகை வந்தா அது பிஸ்ரன் றிங், அப்ப திரும்ப யோசிக்கவேணும். ஒருத்தரைப் பின்னால மோட்டச்சைக்கிளில வரச்சொல்லிப் பாத்துக்கொள்ளுங்கோ. அந்தப் புகையைக் காட்டியே விலையை இன்னும் குறைக்கலாம். ரைமிங் பெல்ற் எப்ப மாத்தினது எண்டு பில் இல்லையெண்டா, வாங்கின கையோட பெல்றையும் வோட்டர் பம்பையும் சேத்து மாத்திப்போடுங்கோ. எஞ்சின் நம்பரும் சேசி நம்பரும் பதிவுப் புத்தகத்தோட ஒத்துப்போகுதா எண்டு உங்கட கண்ணால பாத்திட்டுக் காசைக் குடுங்கோ.