பரிந்துரைக் கடிதம்: மாணவியை எப்படி அறிவேன் என்பதை எவ்வளவு சொல்வது?

பட்டர்வொர்த் ஆசிரியை

வணக்கம். பினாங்கில் ஓர் இடைநிலைப்பள்ளியில் வேதியியல் கற்பிக்கிறேன். படிவம் நான்கு, ஐந்து ஆகிய வகுப்புகளில் என்னிடம் பயின்று, இப்போது வேறொரு பள்ளியில் ஆறாம் படிவம் படிக்கும் மாணவி ஒருவர், ஒரே விண்ணப்பத்தைப் பல கல்லூரிகளுக்கு அனுப்ப உதவும் காமன் ஆப் இணையத்தளம் வழியாக அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிப்பதால் என்னிடம் பரிந்துரை கேட்டிருக்கிறார். மாணவரை எவ்வளவு காலமாக, எந்தச் சூழலில் அறிவீர்கள் என்று ஆசிரியர் நிரப்ப வேண்டிய படிவம் கேட்கிறது. அந்தக் கேள்வியிலேயே தடுமாறி நிற்கிறேன். அவருடைய தாயார் என் கணவருக்கு ஒன்றுவிட்ட தங்கை. வீட்டில் அவர் என்னை அத்தை என்றுதான் அழைப்பார். ஒவ்வொரு தைப்பூசத்திற்கும் எங்கள் குடும்பத் தண்ணீர்ப் பந்தலில் விடிய விடிய நின்று வேலை செய்பவர். இதையெல்லாம் எழுதலாமா? உறவைச் சொன்னால் கடிதத்தின் மதிப்புக் குறைந்துவிடுமோ என்றும், சொல்லாமல் விட்டால் மறைத்ததாகிவிடுமோ என்றும் யோசனையாக இருக்கிறது.

பிரிக்ஃபீல்ட்ஸ் ஆலோசகர்

வணக்கம் ஆசிரியை. முதலில், கணிதமோ இயற்பியலோ கற்பித்த, உறவில்லாத வேறோர் ஆசிரியர் எழுத முடியுமா என்று பாருங்கள். பிரிட்டனில் பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸ் அமைப்பு, குடும்பத்தினரும் நண்பர்களும் பரிந்துரை எழுதக்கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. வேறு யாரும் இல்லையென்றால் நீங்களே எழுதுங்கள். ஆனால் உறவை ஒரே வாக்கியத்தில் நேராகச் சொல்லிவிட்டு வகுப்பறைக்குப் போய்விடுங்கள். எந்த ஆண்டுகளில், எந்தப் பாடத்தை, வாரத்தில் எத்தனை பாடவேளை கற்பித்தீர்கள் என்பதைப் படித்ததும், பின்னால் வரும் பாராட்டுகளை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதைத் தேர்வாளர் முடிவுசெய்துகொள்வார். பந்தல் வேலை உயர்ந்ததுதான், ஆனால் அங்கே நீங்கள் அவருடைய ஆசிரியர் அல்லர். கோயில் நிர்வாகத்தில் யாராவது தனியாக எழுதித் தந்தால் அது இன்னும் எடுபடும்.

அதற்குப் பதிலாக, ஆய்வகத்தில் நீங்கள் கண்ணால் கண்டது ஒன்றை எழுதுங்கள். கரைசலின் செறிவைக் கண்டறியும் தரம்பார்த்தல் சோதனையில், மற்றவர்களின் விடையோடு தன் புரெட் (அளவுக்குழாய்) அளவீடு ஒத்துப்போகாதபோது, எண்ணைத் திருத்தாமல், அதன்மேல் கோடு போட்டு அடித்துவிட்டு மறுபடியும் செய்து பார்த்தாரா? அப்படி ஒன்று இருந்தால் அதுவே போதும்.

படிவத்தில் உள்ள மதிப்பீட்டு அட்டவணையில் 'மதிப்பிட ஆதாரமில்லை' என்ற பொருள்தரும் கட்டம் ஒன்று உண்டு. வகுப்பில் நீங்கள் காணாத பண்புகளுக்கு அதைத் தயங்காமல் தேர்ந்தெடுங்கள். எல்லாவற்றிலும் 'முதல் ஒரு விழுக்காடு' என்று குறித்தால், உண்மையிலேயே அதற்குத் தகுதியான பண்பும் அந்தக் கூட்டத்தில் அடிபட்டுவிடும்.

பாயான் லெப்பாஸ் பொறியாளர்

தொழிற்சாலையில் பயிற்சிக்கு வருவோரின் பரிந்துரைகளைப் படிப்பவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். தொடர்பு எப்போது முடிந்தது என்பதைப் பலர் எழுதுவதில்லை. நேரடி மேற்பார்வையாளரா, பக்கத்துப் பிரிவில் இருந்தவரா என்பதும் தெரிவதில்லை. 'நெடுங்காலமாக நன்கு அறிவேன்' என்று மட்டும் இருந்தால், நான் தொலைபேசியில் அழைத்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

பட்டர்வொர்த் ஆசிரியை

இருவருக்கும் நன்றி. கணித ஆசிரியர் இவ்வாண்டு மாற்றலாகிப் போய்விட்டார். அவரைத் தொடர்புகொள்ள முயல்கிறேன். அதற்குள் இப்படி எழுதிப் பார்த்தேன்: "இம்மாணவியைச் சிறுவயது முதலே அறிவேன். 2023 மார்ச் முதல் 2025 ஜனவரி வரை இவருடைய வேதியியல் ஆசிரியையாக இருந்தேன். இவருடைய தாயார் என் கணவரின் உறவினர். இக்கடிதத்தில் நான் சொல்பவை அனைத்தும் வகுப்பிலும் ஆய்வகத்திலும் கண்டவை." மாணவியின் தாயார், அனுப்பும் முன் கடிதத்தைப் பார்க்க விரும்புகிறார். காட்டலாமா?

பிரிக்ஃபீல்ட்ஸ் ஆலோசகர்

காட்டாதீர்கள். மாணவர்களின் கல்விப் பதிவுகள் பற்றிய 1974ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டமான ஃபெர்பா தரும், கடிதத்தைப் பிற்பாடு பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுப்பதாக விண்ணப்பதாரர் காமன் ஆப்பிலேயே குறிப்பிடலாம். அப்படிக் குறிப்பிட்டிருந்தால், கடிதம் ஒளிவுமறைவின்றி எழுதப்பட்டது என்று கல்லூரி எடுத்துக்கொள்ளும். உறவினர் வீட்டில் அது ஒரு சுற்று வந்துவிட்டால் அந்த நம்பிக்கைக்குப் பொருளே இல்லை. வாக்கியங்கள் நன்றாக இருக்கின்றன. முதல் வாக்கியத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். உறவைத்தான் மூன்றாவதில் சொல்லிவிட்டீர்களே.